சென்னையிலிருந்து பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்தியர்கள் மலேசியா போக இப்போது விசா தேவையில்லை. 2023 டிசம்பர் 1 அன்று தொடங்கிய இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சுற்றுலாவாகப் போய் 30 நாட்கள் வரை தங்கலாம். "விசாதான் வேண்டாமே, பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு ஏறிடுங்க" என்று ஏஜென்ட்டும் சொல்வார், போய்வந்த சொந்தக்காரர்களும் சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்று மூன்று தலைமுறையாகக் கிளம்பியபோது ஒவ்வொரு கவுன்டரிலும் ஒவ்வொரு தாள் கேட்டார்கள். சிலதை அங்கேயே நின்றுகொண்டு செல்போனில் தேடினோம். சிலதை முன்பே செய்திருந்தால் அம்மா அவ்வளவு நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்க மாட்டார். நீங்கள் அப்படி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜார்ஜ் டவுன், மலேசியாவின் பினாங்கு மாநிலத்துத் தலைநகரம். பழைய துறைமுக ஊர். 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அதன் வரலாற்றைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். போய்ச் சேருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் பார்ப்போம்.

1. டிக்கெட்டுக்கு முன் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்

பாஸ்போர்ட்டில் மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, காலாவதித் தேதி. மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஐந்தரை மாதம்தான் மீதி என்றால் சென்னையிலேயே போர்டிங் பாஸ் தர மாட்டார்கள். வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒரே நேரத்தில் எடுத்துப் பாருங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்தே ஆண்டுகளில் காலாவதியாகிவிடும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

இரண்டாவது, இசிஆர். முகவரி இருக்கும் கடைசிப் பக்கத்தில் ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் அது இசிஆர் பாஸ்போர்ட். ஒன்றும் இல்லையென்றால் கவலை இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் காட்டாமல் பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு இது இருக்கும். நம் வீடுகளில் அம்மா, மாமியார், சித்தி பலருக்கும் இருக்கிறது. இந்திய அரசு இசிஆர் பட்டியலில் வைத்திருக்கும் 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. வேலைக்குப் போகிறவர்களைப் பாதுகாக்க வந்த விதி அது. சுற்றுலா போகிறவர்களை அது தடுக்காது. ஆனாலும் சென்னைக் குடியேற்றக் கவுன்டரில் கேள்விகள் வரும்: எதற்குப் போகிறீர்கள், யாருடன் போகிறீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே? தனியாகவோ, இளம் வயதிலோ போகிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விசாரிப்பார்கள். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு இரண்டையும் பிரிண்ட் எடுத்து அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். "பையன் போன்ல இருக்கு" என்று பின்னால் கை காட்டும் நிலை வரக் கூடாது.

நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டையே மாற்றிவிடுவது நல்லது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழ் இருந்தாலோ, 50 வயதைத் தாண்டியிருந்தாலோ, மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து இசிஆர் இல்லாத பாஸ்போர்ட் வாங்கலாம். 36 பக்கப் புத்தகத்துக்கு ₹1,500 கட்டணம். தட்கல் என்றால் கூடுதலாக ₹2,000.

மூன்றாவது, பெயர். தமிழர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். சிலருக்கு இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்திருக்கும். டிக்கெட் எடுக்கும் தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். ஆதாரில் இருப்பதுபோல இனிஷியலோடு போடவே போடாதீர்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் அந்த விமான நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறது. டிக்கெட் எடுத்த பிறகு திருத்தினால் பணமும் போகும், நேரமும் போகும்.

பாஸ்போர்ட்டே இல்லாதவர்கள் புறப்படும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பாவது தொடங்குங்கள். சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் சேவா கேந்திரங்கள் இருக்கின்றன. இணையத்தில் பதிந்து, கட்டணம் கட்டி, தேதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். முகவரி அரசு முகவரிதானா, ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். தேடலில் மேலே வரும் சில தளங்கள் சேவைக் கட்டணம் என்று பணம் பிடுங்குகின்றன. விண்ணப்பத்தில் இனிஷியல் கூடாது, விரித்து எழுத வேண்டும். அசல் ஆவணங்கள், ஜெராக்ஸ் இரண்டையும் கொண்டுபோங்கள். அதன் பிறகு காவல் நிலைய விசாரணை இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தையும் வங்கிப் பாஸ்புக்கையும் எடுத்து வைத்துக்கொண்டால் விசாரணைக்கு வருபவர் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.

2. டிக்கெட்

சென்னை–பினாங்கு நேரடி விமானத்தை இண்டிகோ 2024 டிசம்பரில் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். உங்கள் தேதியில் அது இல்லையென்றாலோ, விலை ஏறியிருந்தாலோ கோலாலம்பூர் வழியாகப் போகலாம். ஏர் ஏசியா, மலேசியா ஏர்லைன்ஸ், பாட்டிக் ஏர் மூன்றும் சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குப் பறக்கின்றன. முன்கூட்டியே எடுத்தால் போக வர ஒருவருக்கு ₹15,000 முதல் ₹25,000 வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாத விடுமுறையிலும் தைப்பூசத்தை ஒட்டியும் இந்தக் கணக்கு செல்லாது.

கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்கள் இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் கோலாலம்பூரில் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அங்கே இரண்டு முனையங்கள் வேறு. ஏர் ஏசியா இரண்டாவது முனையம், மலேசியா ஏர்லைன்ஸ் முதல் முனையம். தனித்தனி டிக்கெட்தான் என்றாகிவிட்டால் நடுவில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள்.

தேதியிலும் கவனம் வேண்டும். மலேசியா போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 12-ஆம் தேதி அதிகாலை 2 மணி என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 11-ஆம் தேதி இரவு. இரவு 11 மணிக்கு மேல் மெட்ரோ ஓடாது. வண்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

டூர் பேக்கேஜாக எடுக்கிறவர்களிடம் வெளிநாட்டுப் பயணத்துக்கான வரியை ஏஜென்ட் சேர்த்து வசூலிப்பார். அது உங்கள் பான் எண்ணில் பதிவாக வேண்டும். பதிவானால்தான் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். பான் எண்ணைக் கொடுத்து ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

3. எம்டிஏசி: விசா இல்லாவிட்டாலும் இது உண்டு

மலேசியாவுக்குள் நுழைய ஒவ்வொருவரும் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம் இது. 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். கைக்குழந்தைக்கும் தனிப் படிவம்தான். இதை நிரப்பாமல் சென்னை செக்-இன் வரிசையில் நிற்கும் குடும்பங்களை நாங்கள் பார்த்தோம். வரிசையை விட்டு ஓரமாக ஒதுங்கி, நாலு பேருக்கும் செல்போனில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. ஒரு பைசா கேட்டாலும் அது அரசுத் தளம் அல்ல. மலேசியக் குடியேற்றத் துறையின் தளம் ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடியும். அச்சு அசலாக அதைப் போலவே தோற்றம் உள்ள தனியார் தளங்கள் ஆளுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்று கேட்கும். கட்டிவிடாதீர்கள்.

அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும். ஒரு மாதம் முன்பே உட்கார்ந்தால் ஏற்காது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, வீட்டில் நிதானமாக உட்கார்ந்து நிரப்புவதே சரி. நிரப்பும்போது தடுமாறும் இடங்கள் சில:

வருகைத் தேதி என்பது மலேசிய மண்ணில் இறங்கும் தேதி. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பினால் மறுநாள் தேதிதான் போட வேண்டும்.

கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்கள் மலேசியாவுக்குள் முதலில் நுழையும் விமானத்தின் எண்ணைக் கொடுங்கள். தங்கும் முகவரிக்குப் பினாங்கு ஹோட்டலைக் கொடுக்கலாம்.

மாநிலப் பட்டியலில் ‘பினாங்கு’ என்று தேடினால் கிடைக்காது. மலாய்ப் பெயரான ‘புலாவ் பினாங்’ என்றுதான் இருக்கும். ஹோட்டலின் அஞ்சல் குறியீட்டையும் கேட்கும். முன்பதிவுத் தாளில் இருக்கும், பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சல் முகவரி சரியாக இருக்க வேண்டும். உறுதிப்படுத்தல் அதற்குத்தான் வரும். வந்ததும் பிரிண்ட் எடுத்து அந்தந்தப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

4. தங்குமிடம்

பினாங்கு என்பது தீவு மட்டுமல்ல, ஒரு மாநிலம். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தும் புக்கிட் மெர்தாஜமும் பினாங்குதான். முன்பதிவுத் தளத்தில் ‘பினாங்கு’ என்று தேடி விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்தால், தினமும் படகிலோ பாலத்திலோ கடலைக் கடந்து வர வேண்டியிருக்கும். ‘ஜார்ஜ் டவுன்’ என்று தேடுங்கள், வரைபடத்தில் பாருங்கள். லெபு சூலியா, லெபு பந்தாய் (லெபு என்றால் தெரு), கொம்தார் கோபுரத்தைச் சுற்றிய பகுதி என எங்கே தங்கினாலும் முக்கியமான இடங்களுக்கு நடந்தே போகலாம். கடற்கரை வேண்டும் என்கிறவர்கள் பத்து ஃபெரிங்கிக்குப் போவார்கள். அழகான இடம்தான், ஆனால் பழைய நகரத்திலிருந்து தொலைவு. முதன்முறை போகிறவர்களுக்கு நகரத்துக்குள் தங்குவதையே நான் சொல்வேன்.

பழைய கடைவீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். படத்தில் பார்க்கவே ஆசையாக இருக்கும். பெரியவர்களோடு போகிறவர்கள் மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் பதியுங்கள்: லிஃப்ட் இருக்கிறதா, அறை எந்த மாடியில், அறைக்கு ஜன்னல் உண்டா? அந்தக் கட்டடங்களின் மரப்படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலிக்காரர்கள் ஒரு நாளைக்கு இரண்டு முறைகூட ஏறி இறங்க முடியாது. ஜன்னல் இல்லாத அறைகளும் நிறைய உண்டு. விலை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

வசதியான இருவர் அறைக்கு இரவுக்கு 120 முதல் 200 ரிங்கிட் (மலேசியப் பணம்) வரை ஒதுக்குங்கள். இதோடு வெளிநாட்டவர்களுக்கான சுற்றுலா வரி அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட். பினாங்கின் உள்ளூர்க் கட்டணம் 2 அல்லது 3 ரிங்கிட் தனி. முன்பதிவில் கட்டிய தொகையில் இவை சேர்ந்திருக்காவிட்டால் வரவேற்பு மேசையில் கேட்பார்கள். ஏமாற்று அல்ல, எல்லோரிடமும் வாங்குவதுதான். ரசீது கேளுங்கள்.

5. பணம்

ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்கு மேல், நாளுக்கு நாள் ஊசலாடும். முதல் இரண்டு நாள் செலவுக்கு வேண்டிய ரிங்கிட்டைச் சென்னையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். தி.நகர், நுங்கம்பாக்கம், பாரிமுனைப் பக்கம் அனுமதி பெற்ற கடைகள் உண்டு. பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் மூன்றும் கேட்பார்கள். இரண்டு கடைகளில் விலை விசாரியுங்கள். ஜிஎஸ்டி, சேவைக் கட்டணம் எல்லாம் போகக் கையில் எத்தனை ரிங்கிட் வரும் என்று கேளுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். விமான நிலையத்தில் மாற்றினால் நஷ்டம்தான் அதிகம். எல்லா ரிங்கிட் நோட்டும் எல்லாக் கடையிலும் இருக்காது, அதனால் இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள். இந்திய ரூபாயாக ₹25,000-க்கு மேல் வெளியே எடுத்துப்போகக் கூடாது.

உங்கள் டெபிட், கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அநேகமாக முடக்கித்தான் இருக்கும். வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். அதோடு இந்திய எண்ணுக்கு ரோமிங்கும் போட்டு வையுங்கள். ஓடிபி வரவில்லையென்றால் கார்டு இருந்தும் பயனில்லை.

வாடகைக் கார் கூப்பிட உதவும் கிராப் செயலியைச் சென்னையிலேயே இறக்கி, உங்கள் எண்ணால் பதிந்து, கார்டைச் சேர்த்துவிடுங்கள். அங்கே போய் உள்ளூர் சிம்மை மாற்றிய பிறகு இதைச் செய்ய உட்கார்ந்தால் ஓடிபி இங்கே ஒரு எண்ணுக்கும் அங்கே ஒரு எண்ணுக்கும் அலையும்.

6. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பவுச்

பாஸ்போர்ட், போக வர டிக்கெட், எம்டிஏசி தாள், ஹோட்டல் முன்பதிவு, பயணக் காப்பீட்டுத் தாள், கொஞ்சம் ரிங்கிட். எல்லாம் காகிதத்தில், ஆளுக்கு ஒன்று. ஹோட்டல் முன்பதிவில் ஒருவர் பெயர்தான் இருக்கும் என்றால், மற்றவர்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள். செய்து தருவார்கள். அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துப் போகிறார் என்றால் மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் இருக்கட்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச் சீட்டோடு, மருந்துக் கடை அட்டையிலேயே வைத்துக் கைப்பையில் கொண்டுபோங்கள். டப்பாவில் கொட்டிக் கலந்து எடுத்துப்போகாதீர்கள். மலேசியாவில் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. தெரியாதவர் யாராவது "இந்தப் பொட்டலத்தை என் தம்பிகிட்ட கொடுத்துடுங்க" என்று கேட்டால், அது ஊறுகாயாகவே இருந்தாலும் வாங்க வேண்டாம். செடி, விதை, பழம், இறைச்சி எடுத்துப்போவதையும் தவிர்த்துவிடுங்கள்.

விமானம் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஒரு மணி நேரம் இருக்கும்போது செக்-இன் மூடிவிடுவார்கள். சில விமானங்களில் அதற்கும் முன்பே மூடுவார்கள்.

7. பினாங்கில் இறங்கியதும்

குடியேற்றக் கவுன்டரில் எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். சுருக்கமாகப் பதில் சொல்லித் தாளைக் காட்டுங்கள். விசா தேவையில்லை என்பது அனுமதிக்கு உத்தரவாதம் ஆகாது. திரும்பும் டிக்கெட், தங்குமிடம், செலவுக்குப் பணம் இவற்றில் சந்தேகம் வந்தால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதி வைத்திருங்கள். "அங்கே ஏதாவது வேலை கிடைக்குமா பார்க்கலாம்" என்ற எண்ணத்தோடு இந்தச் சலுகையில் யாரும் போகவே வேண்டாம். இதில் வேலை செய்ய அனுமதி இல்லை, பிடிபட்டால் தண்டனை உண்டு.

வெளியே வந்ததும் சிம் கவுன்டர்கள் இருக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். விமான நிலையம் இருப்பது தீவின் தெற்கில், பாயான் லெப்பாஸில். ஜார்ஜ் டவுன் சுமார் 16 கிலோமீட்டர். பெட்டியும் பெரியவர்களும் இருந்தால் கிராப்தான் நிம்மதி. 401, 401இ பேருந்துகளும் கொம்தார் வழியாகப் படகுத்துறை வரை போகின்றன. கட்டணம் சில ரிங்கிட்தான். ஆனால் சில்லறை திருப்பித் தர மாட்டார்கள், சரியான தொகையைப் பெட்டியில் போட வேண்டும். அதற்காகவே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி நோட்டை உடைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே சுவரில் மூன்று சதுர முனை பிளக்தான். நம் சார்ஜர் செருகாது. அடாப்டரைச் சென்னையில், ரிச்சி தெருவில் வாங்கினால் மலிவு.

8. நகருக்குள்

பாரிமுனையில் நடந்து பழகியவர்களுக்கு இந்த ஊர் சீக்கிரம் பிடிபட்டுவிடும். லிட்டில் இந்தியாவில், லெபு பாசாரிலும் லெபு குவீனிலும், தமிழிலேயே விசாரிக்கலாம், தமிழிலேயே சாப்பிடலாம். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. தொழுகை நேரம் தவிர மற்ற நேரங்களில் பார்க்க விடுவார்கள். சூலியா தெருவில் நாகூர் தர்கா ஒன்றும் இருக்கிறது. அம்மாவுக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது இந்த நாலு தெருதான். அவரை அங்கே விட்டுவிட்டு நாங்கள் ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்களையும் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் மரவீடுகளையும் பார்த்து வந்தோம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். அசைவக்காரர்கள் நாசி கண்டார் (சோற்றோடு பலவகைக் குழம்பும் கறியும்) சாப்பிடாமல் வரக் கூடாது. தட்டில் என்னென்ன வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விலை ஏறும். பெரிய இறாலையும் மீன் தலையையும் கை காட்டுவதற்கு முன் விலையைக் கேளுங்கள். மற்றபடி சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 60 ரிங்கிட் தாராளம்.

படகுத்துறைக்கும் கொம்தாருக்கும் இடையே ‘கேட்’ (CAT) என்ற இலவசப் பேருந்து சுற்றுகிறது. பினாங்கு மலைக்கு 204 எண் பேருந்து. அது ஆயர் ஈத்தாம் வழியாகப் போவதால் கெக் லோக் சி புத்தர் கோயிலையும் அதே நாளில் பார்த்துவிடலாம். மலை ரயிலுக்கு வெளிநாட்டவர்களிடம் போக வரச் சுமார் 30 ரிங்கிட் வாங்குகிறார்கள். வரிசையில் நிற்காத டிக்கெட்டுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் அந்தக் கூடுதல் செலவு வேண்டியதில்லை. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. வெயிலுக்கு முன் ஏறுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும். ஆனால் தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அந்தக் காலத்தில்தான் வருகின்றன. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதமும் தங்க ரதமும் வரும் தெருவைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மூன்று, நான்கு மாதம் முன்பே அறையைப் பிடித்துவிடுங்கள். அந்த நாளில் பல சாலைகளை அடைத்துவிடுவார்கள். கிராப் கிடைப்பது அரிது, விலையும் ஏறும். அன்றைக்குத் திரும்பும் விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த நாளைக்குப் போடுங்கள்.